மேட்டூரிலிருந்து மைசூருக்கு, மாதேஸ்வரன் மலை வழியாக

சேலம், தருமபுரி மாவட்டங்களில் எந்தக் கிராமத்துப் பள்ளியின் வருகைப் பதிவேட்டைப் புரட்டினாலும் மாதையன், மாதேஷ், மாது, மாதம்மாள் என்ற பெயர்கள் வரிசையாக வரும். இத்தனை பேருக்கும் பெயர் கொடுத்த சாமி தமிழ்நாட்டில் இல்லை. கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில், ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில், காட்டுக்கு நடுவே புலிமேல் அமர்ந்திருக்கிறார். மேட்டூரிலிருந்து பாலாற்றைத் தாண்டி, மாதேஸ்வரன் மலை ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, கொள்ளேகால் வழியாக மைசூர் போய்ச் சேரும் சாலைதான் அவரிடம் நம்மைக் கொண்டுசேர்க்கிறது. முழு வழியும் சுமார் 190 கிலோமீட்டர்.

மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. தஞ்சை வயல்களுக்குத் தண்ணீர் தேக்குவதற்காகக் காவிரிக் கரையில் பல ஊர்கள் நீருக்குள் போயின. நீர்மட்டம் இறங்கும் கோடையில் பண்ணவாடி ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தியும் பழைய தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தலைகாட்டும். அந்தக் காலத்தில் இடம்பெயர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதே நீரில் பரிசல் போட்டு மீன் பிடிக்கிறார்கள். கொளத்தூர், கோவிந்தபாடி, செட்டிபட்டி என்று சாலையோரம் வரும் ஊர்களில் வலை உலர்த்தாத தெரு குறைவு.

காரைக்காட்டுச் சோதனைச்சாவடியோடு தமிழ்நாட்டுப் பக்கம் முடிகிறது. அடுத்து வருவது பாலாறு. வேலூர் வழியாக ஓடும் பெரிய பாலாறு வேறு. இது எல்லைக் காட்டு மலைகளில் பிறந்து, மழைக்காலத்தில் மட்டும் நிறைந்து ஓடி, அடிப்பாலாற்றில் காவிரியோடு சேரும் சிற்றாறு. மற்ற நாட்களில் பாலத்துக்குக் கீழே மணலும் பாறையும்தான். பாலத்தைத் தாண்டியதும் கர்நாடகத்தின் சோதனைச்சாவடி.

இந்த இடத்தின் பெயரைத் தமிழ்நாடு முழுக்கத் தெரியவைத்தது 1993 ஏப்ரல் 9. சந்தனக் கடத்தல் வீரப்பனைத் தேடிப் போன போலீஸாரும் வனக் காவலர்களும் உளவு சொன்னவர்களும் இருந்த வாகனங்கள் கண்ணிவெடியில் சிதறின. 22 பேர் இறந்தார்கள். வீரப்பன் பிறந்த கோபிநத்தத்துக்கு வழி பிரிவதும் பாலாற்றில்தான். கர்நாடக எல்லைக்குள் இருந்தாலும் தமிழ் பேசும் ஊர் அது. வீரப்பனைச் சரணடையவைக்க அங்கேயே தங்கி, ஊராருக்கு மாரியம்மன் கோயிலும் கட்டிக்கொடுத்த வன அதிகாரி பி. சீனிவாஸ் 1991 நவம்பரில் கொல்லப்பட்டார். ஊர் மக்கள் இன்றும் அவர் படத்தை வைத்து வணங்குகிறார்கள். வீரப்பன் 2004 அக்டோபரில் இறந்து, இந்தச் சாலையின் தொடக்கத்திலேயே மூலக்காட்டில் அடக்கமானான். இப்போது கோபிநத்தத்தில் கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் சுற்றுலா முகாம் நடத்துகிறது.

ஆனாலும் பாலாறு முழுதாக அமைதியாகிவிடவில்லை. 2023 பிப்ரவரியில் கோவிந்தபாடி மீனவர் ஒருவர் இங்கே இறந்தார். கர்நாடக வனத்துறை சுட்டதால்தான் என்றார்கள் ஊர்க்காரர்கள். வேட்டைக்கு வந்தவர்கள் என்றது வனத்துறை. மேட்டூர்–மைசூர் பஸ்கள் நின்றன. மீன் பிடிக்கும் ஊர்களுக்குத்தான் இந்த எல்லை உயிர்ப் பிரச்சினையாக இருக்கிறது. மலைக்கு மொட்டை போட வருகிறவர்கள் அதைக் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள்.

பாலாற்றிலிருந்து சாலை ஏறத் தொடங்குகிறது. இரண்டு பக்கமும் மூங்கிலும் முள்மரமும் அடர்ந்த வறண்ட காடு. ஏறக்குறைய 906 சதுர கிலோமீட்டர் பரப்பு 2013-இல் வனவிலங்குச் சரணாலயமானது. யானை சாலையைக் கடக்கும்போது ஓட்டுநர் இன்ஜினை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். வளைவுகள் முடியும் இடத்தில் கோபுரம் தெரிகிறது.

மலைமேல் இருப்பது கோயிலைச் சுற்றி வளர்ந்த சிறிய ஊர். அமாவாசை, சிவராத்திரி, யுகாதி, தீபாவளி நாட்களில் அது நகரமாகிவிடும். அந்தரகங்கையில் குளித்து, முடி கொடுத்து, ஈரத்துணியோடு வரிசையில் நிற்கும் கூட்டத்தில் கன்னடமும் தமிழும் சமமாகக் கேட்கும். "உகே மாதப்பா" என்ற கோஷம் மட்டும் எல்லோருக்கும் பொது. தீபாவளியையொட்டி பேடகம்பண சமூகத்தின் 101 சிறுமிகள் காட்டோடைக்குப் போய்க் குடங்களில் நீர் எடுத்து, தலையில் சுமந்து, வெறுங்காலோடு நடந்து வருவார்கள். பூசாரிகளும் அந்தச் சமூகத்தவரே.

கோயில் வாசலில் கம்சாளைக்காரர்களைப் பார்க்க வேண்டும். ஒரு கையில் கிண்ணம் போன்ற வெண்கலத் தாளம், மறு கையில் கயிற்றில் தொங்கும் தட்டையான தட்டு. தட்டைச் சுழற்றி வீசி, அது திரும்பும் கணத்தில் கிண்ணத்தில் அடித்தபடி மாதேஸ்வரனின் கதையை இரவெல்லாம் பாடுவார்கள். அந்தக் கதையில் சோளகர் குலத்துச் சங்கம்மாவுக்குச் சாமி பிள்ளை வரம் கொடுக்கிறார். கோயிலைக் கட்டித்தருகிறவர் ஆலம்பாடி ஜுஞ்சே கவுடர். ஆலம்பாடி என்றால் நம் பக்கத்து உழவர்களுக்கு மாட்டினம் நினைவுக்கு வரும், அந்த ஊரேதான். காட்டில் தேன் எடுப்பவர், மாடு மேய்ப்பவர், வேடர் எல்லோரும் சேர்ந்து உருவாக்கிய சாமி இவர்.

இன்று இங்கே வருகிறவர்களுக்குக் குறையில்லை. 2013-இல் சட்டம் இயற்றி க்ஷேத்திர வளர்ச்சி ஆணையம் அமைத்தார்கள். தங்கும் அறைகளும் விடுதிக் கூடங்களும் இருக்கின்றன. தாசோகம் என்ற அன்னதானத்தில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து சாப்பிடலாம். புலிமேல் அமர்ந்த 108 அடி மாதேஸ்வரர் சிலை 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் கர்நாடகப் பெண்களுக்கு அரசு பஸ்களில் கட்டணமில்லாப் பயணம் வந்ததும் கூட்டம் பெருகியது. 2025 ஏப்ரலில் மாநில அமைச்சரவையே இந்த மலையில் கூடியது.

இவ்வளவும் நல்லவைதான். அதே மலையில் நாகமலை போகும் காட்டு வழியில் இண்டிகநத்தம் என்ற குக்கிராமம் இருக்கிறது. 2024 ஏப்ரல் 26, மக்களவைத் தேர்தல் நாள். சாலை இல்லை, மின்சாரம் இல்லை, குடிநீர் இல்லை, அதனால் ஓட்டும் இல்லை என்றார்கள் ஊர்க்காரர்கள். அதிகாரிகள் சமாதானம் பேசப் போனபோது கைகலப்பாகி வாக்குச்சாவடி அடித்து நொறுக்கப்பட்டது. மூன்று நாள் கழித்து மறுவாக்குப்பதிவு நடந்தது. மின்விளக்குகளில் ஜொலிக்கும் கோயிலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் நடந்தது இது. இங்குள்ள குக்கிராமங்களில் பிரசவ வலி கண்ட பெண்ணைத் தொட்டில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கிய கதைகள் ஏராளம். வனத்துறை ஜீப் ஏற்பாடு செய்தது பெரிய ஆறுதல், ஆனால் ஜீப் சாலைக்கு மாற்றாகாது.

காட்டுக்குள் தார்ச்சாலை போட்டால் விலங்குகள் என்னாவது என்ற கேள்வி நியாயமானது. அதற்கும் இந்த மலையே பதில் வைத்திருக்கிறது. 2025 ஜூனில் ஹூக்யம் சரகத்தில் ஒரு தாய்ப்புலியும் நான்கு குட்டிகளும் செத்துக் கிடந்தன. மாட்டை அடித்ததற்குப் பழிவாங்க, அந்த மாட்டின் உடலிலேயே விஷம் வைத்திருந்தார்கள். மேய்ச்சலும் இழந்து, மாட்டையும் இழந்து, இழப்பீடும் கைக்கு வராத இடத்தில் புலியும் பிழைக்காது. புலியைச் சாமியின் வாகனமாகக் கும்பிடுகிற மலையில் இது நடந்தது என்பதை நம்மால் எளிதில் கடந்துபோக முடியாது.

தாளபெட்டாவில் மலை இறங்கி முடிகிறது. கன்னடப் பக்கத்திலிருந்து நடந்தே ஏறுகிறவர்களுக்கு இதுதான் அடிவாரம். கௌதள்ளி, ஹனூர் தாண்டினால் கொள்ளேகால். பட்டுத் தறிகளின் ஊர். 1956 நவம்பர் 1 வரை கொள்ளேகால் தாலுகா கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. மாதேஸ்வரன் மலையும் அதற்குள்தான் இருந்தது. மொழிவழி மாநிலம் பிரிந்தபோது கோப்புகள் மைசூருக்குப் போயின, பக்தர்கள் பழைய வழியிலேயே வந்துகொண்டிருந்தார்கள். அங்கிருந்து நிலம் பச்சையாகிறது. திருமகூடலு நரசீபுரத்தில் கபினி காவிரியில் கலக்கிறது. நெல் வயல்களையும் கரும்பையும் கடந்து பஸ் மைசூரில் நிற்கும்போது காடும் மலையும் வேறு தேசம் என்று தோன்றும்.

மலைக்கு வருகிறவர் ஒருநாள் தங்குகிறார். மலையில் பிறந்தவர் ஆயுள் முழுக்கத் தங்குகிறார். இருவருக்கும் வேண்டியதை ஒரே திட்டத்தில் எழுத ஆணையத்துக்கு என்ன தடை? உண்டியல் பணத்தில் ஒரு பங்கு குக்கிராமங்களின் குடிநீருக்கும் சூரிய மின்சாரத்துக்கும் போகட்டும். எல்லா ஊருக்கும் இரவிலும் வரும் ஆம்புலன்ஸ் ஜீப் வேண்டும். மாட்டை இழந்தவனுக்கு அந்த வாரமே இழப்பீடு வேண்டும். பாலாற்றில் மீன் பிடிப்பவர்களோடு இரு மாநில வனத்துறைகளும் உட்கார்ந்து எல்லை எது, அனுமதி எது என்று பேசி முடிக்க வேண்டும். அடுத்த விடுதிக்கு அடிக்கல் நாட்டும் முன்பு இவை நடக்க வேண்டும். சங்கம்மாவுக்கும் ஜுஞ்சே கவுடருக்கும் இரங்கிய சாமியின் பெயரால் வரும் பணம் முதலில் போய்ச் சேர வேண்டியது அவர்கள் வழிவந்தவர்களிடம்தான்.