முன்வாசல் வழியே ஒரு கோல்ஃப் காலை

"நாம எந்த வாசல் வழியாப் போகணும், பாப்பா?"

முதல் நாள் இரவு அப்பாவின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது அவர் இப்படிக் கேட்டார். "முன்வாசல்தான்பா, வேற எது?" என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை.

கோலாலம்பூரில் இருக்கும் அரச சிலாங்கூர் கோல்ஃப் கிளப்புக்கு என்னை அழைத்திருந்தவர் என் பழைய மேலாளர். சீன நண்பர், நீண்டகால உறுப்பினர். இரண்டு வருடமாக நான் கோல்ஃப் பழகி வருகிறேன். "ஒன்பது குழி ஆடுவோம், அப்படியே மதியச் சாப்பாடு. அப்பாவையும் கூட்டிட்டு வா" என்றார். அப்பா ஒரு நாளும் கோல்ஃப் ஆடியதில்லை. ஆனால் எங்கள் வீட்டில் கோல்ஃப் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். பன்னிரண்டு வயதிலிருந்து துரைமாரின் பையைத் தூக்கியவர்.

தோட்டத்தில் ஒன்பது குழி

அப்பா பிறந்து வளர்ந்தது நெகிரி செம்பிலானில், சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையில் சிலியாவ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். 1891-இல் போட்ட சிரம்பான் – போர்ட்டிக்சன் ரயில் பாதை, லாபு, ரந்தாவ், லிங்கி என்று இந்த வட்டாரத்தின் பெயர்களைச் சொன்னாலே நம்மில் பலருக்குத் தாத்தா, பாட்டி ஞாபகம் வரும். கங்காணிகள் மூலம் கப்பலேறி வந்தவர்கள் அவர்கள். 1938-இல் இந்திய அரசாங்கம் அப்படி ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அதற்குள் லயங்களில் இரண்டு தலைமுறை ஊன்றிவிட்டது.

பக்கத்துத் தோட்டத்தில் துரைமாருக்கு ஒரு கிளப் இருந்தது. பால்மரம் இல்லாத மேட்டில் ஒன்பது குழி, மேலே ஒரு வெராண்டா வீடு. சனிக்கிழமை மத்தியானமும் ஞாயிறு காலையும் லயத்துப் பையன்கள் சமையல்கட்டுக்குப் பின்னால் மரத்தடியில் காத்திருப்பார்கள். ஒரு சுற்றுக்கு 50 காசு. தொலைந்த பந்தைத் தேடிக் கொடுத்தால் இன்னும் 10 காசு. தண்ணீர் பின்கட்டுக் குழாயில். முன்படியில் கால் வைக்கக் கூடாது என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை என்பார் அப்பா.

அதனால்தான் அந்தக் கேள்வி.

போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

இப்படிப்பட்ட பழைய தனியார் கிளப்புகளுக்கு நாமாகப் போய்விட முடியாது. உறுப்பினர் ஒருவர் அழைக்க வேண்டும். பெரும்பாலும் அவர் கூடவே இருக்கவும் வேண்டும். ஆடப் போகிறவர் என்றால் ஹேண்டிகேப் சான்று கேட்பார்கள். உங்கள் ஆட்டம் எந்தத் தரம் என்று காட்டும் எண் அது. ஆடாமல் கூட நடக்க மட்டும் வருபவருக்கு அனுமதி உண்டா என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அப்பாவுக்காக நண்பர் கேட்டு வைத்திருந்தார்.

உடை விஷயத்தில் விளையாட்டே கிடையாது. காலர் வைத்த சட்டை, அதை உள்ளே விட்டுக் கட்டிய கால்சட்டை, மூடிய சப்பாத்து. ஜீன்ஸ், வட்டக் கழுத்து டீ சட்டை, ஜப்பான் சிலிப்பர் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். கோல்ஃப் சப்பாத்தின் அடியில் இரும்பு ஆணி இருக்கக் கூடாது, ரப்பர் முள்தான். அப்பா வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்து ஒன்று வாங்கி, இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே போட்டு நடந்து பழகினார்.

இன்னொன்று. கோலாலம்பூரில் சிலாங்கூர் பெயரில் இரண்டு பழைய கிளப்புகள் உண்டு; குழப்பிக்கொள்ளாதீர்கள். மெர்டேக்கா சதுக்கத்தின் ஓரத்தில் மரச்சட்டம் தெரியும் கட்டடம் அரச சிலாங்கூர் கிளப். 1884-இல் தொடங்கியது. அங்கே உள்ள லாங் பார் ஆண்களுக்கு மட்டும் என்று பெயர் பெற்றது. நாங்கள் போனது துன் ரசாக் சாலையை ஒட்டிய கோல்ஃப் கிளப். அது 1893-இல் பிறந்தது. முதல் மைதானம் பெட்டாலிங் மேட்டில் இருந்தது. 1921-இல் இப்போதைய இடத்துக்கு வந்தது. 1963-இல் 'அரச' என்ற பட்டம் கிடைத்தது. நம் நாட்டின் பொதுக் கோல்ஃப் போட்டி 1962-இல் முதன்முதலாக நடந்ததும் இங்கேதான்.

வெள்ளைக்காரர்கள் போன இடமெல்லாம் இப்படி ஒன்றை அமைத்தார்கள். கல்கத்தாவில் 1829, நுவரெலியாவில் 1889, கொடைக்கானலில் 1895. தேயிலை, காப்பி, ரப்பர் எது விளைந்தாலும், பக்கத்தில் ஒரு புல்வெளியும் அதில் ஒரு கொடிக்கம்பும் முளைத்துவிடும். அந்தப் புல்லை வெட்டியவர்களில் நம் ஆட்களும் உண்டு.

பையை விடாத கை

சிரம்பானிலிருந்து விடியற்காலை ஐந்தேகாலுக்குக் கிளம்பினோம். மலேசிய வெயிலில் கோல்ஃபுக்கு ஏற்ற நேரம் காலை ஏழுதான். மத்தியானத்துக்கு மேல் இடி மின்னல் பயம். மின்னல் வந்தால் சைரன் ஊதுவார்கள். ஊதினால் பந்து குழியின் விளிம்பில் நின்றாலும் விட்டுவிட்டு ஒதுங்க வேண்டும்.

கார் முகப்பில் நின்றது. நான் இறங்குவதற்குள் அப்பா பின்பக்கம் போய், என் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். கட்டடத்தின் பக்கவாட்டில் பைகள் போகிற பாதையைக் கண் பார்த்துவிட்டது. கால் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

அங்கே நின்ற மலாய்க்கார இளைஞர் ஓடி வந்தார். "பாக்சிக், நான் எடுத்துக்கிறேன்" என்று மலாயில் சொல்லிப் பையைப் பிடித்தார். அப்பா விடவில்லை. இரண்டு பேரும் ஒரே வாரைப் பிடித்தபடி ஒரு கணம் நின்றார்கள். "அப்பா, குடுங்க. இன்னைக்கு அவர் தூக்கட்டும்" என்றேன். அப்போதுதான் கை தளர்ந்தது.

உள்ளே விருந்தினர் பதிவு. பெயர் எழுதிக் கையொப்பம் போட வேண்டும். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தமிழில் முழுப் பெயரையும் நிதானமாக எழுதினார். அந்தப் பெண் ஊழியர் புன்னகையோடு நன்றி சொன்னார்.

புல் சாயும் பக்கம்

கோல்ஃப் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒரு பந்து, அதிகபட்சம் 14 மட்டைகள். புல்தரையில் இருக்கும் 108 மில்லிமீட்டர் அகலக் குழியில் குறைந்த அடிகளில் பந்தைப் போட வேண்டும். ஒரு குழிக்கு இத்தனை அடி என்று கணக்கு உண்டு, அது 'பார்'. ஒன்று குறைந்தால் 'பேர்டி', ஒன்று கூடினால் 'போகி'. பதினெட்டுக் குழி ஆட நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

முதல்முறை போகிறவர்கள் ஆட்டத்தைவிட நடத்தையில்தான் தடுமாறுவார்கள். ஒருவர் அடிக்க நிற்கும்போது பேசாதீர்கள், அசையாதீர்கள். அவருக்கும் குழிக்கும் இடையில் இருக்கும் கோட்டை மிதிக்காதீர்கள். மட்டை பட்டுப் புல் பெயர்ந்தால் மணல் போட்டு நிரப்புங்கள். மணல்குழியில் இறங்கினால் உங்கள் கால்தடத்தை நீங்களே வாரிவிட்டு ஏறுங்கள். கைப்பேசியை ஊமையாக்குங்கள். மெதுவாக ஆடலாம், பின்னால் வருபவரைக் காக்க வைக்கக் கூடாது.

இதில் ஒன்றைக்கூட அப்பாவுக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. எங்கே நின்றால் நிழல் குழியின் மேல் விழாது என்பது அவருக்கு அறுபது வருடமாகத் தெரியும்.

மரங்களுக்கு மேலே இரட்டைக் கோபுரம் வெயிலில் மின்னியது. மூன்றாவது குழியில் நண்பர் பந்தைக் குழிக்கு உருட்டக் குனிந்தபோது, அப்பா அவருக்குக் கேட்கிற அளவுக்கு மட்டும், "கானான் சிகிட், தவுக்கே" என்றார். கொஞ்சம் வலது பக்கம் என்று. நண்பர் சிரித்துவிட்டுத் தன் கணக்குப்படி அடித்தார். பந்து இடது ஓரத்தைத் தொட்டுத் தாண்டிப் போனது.

நான்காவது குழியில் நண்பர் தானாகவே திரும்பி, "பாக்சிக், எப்படி?" என்றார்.

அப்பா முட்டி போட்டு உட்கார்ந்து புல்லைப் பார்த்தார். பிறகு எனக்குத் தமிழில் விளக்கினார். "புல்லு பளபளன்னு தெரிஞ்சா நம்மள விட்டு அந்தப் பக்கம் சாஞ்சிருக்குன்னு அர்த்தம். பந்து வேகமா ஓடும், மெதுவாத் தட்டணும். கறுத்துத் தெரிஞ்சா நம்ம பக்கம் சாஞ்சிருக்கு. கொஞ்சம் பலமா அடிக்கணும்." நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். பந்து குழியில் விழுந்தது. நண்பர் மட்டையைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பிறகு ஒன்பதாவது குழி வரை அவர் அப்பாவைக் கேட்காமல் ஒரு பந்தையும் உருட்டவில்லை. "இவ்வளவு தெரிஞ்சவர் ஏன் ஆடல?" என்று என்னிடம் கேட்டார். அதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. எம். ராமையா, பி. குணசேகரன் என்று மலேசியக் கோல்ஃபில் பெயர் பதித்த தமிழர்கள் இருக்கிறார்கள். அப்பாவின் மரத்தடியில் காத்திருந்த பையன்களில் யாருக்கும் மட்டையைப் பிடிக்கும் வேளை வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் அவர்கள் போனது பால்மரத்துக்கு.

வெராண்டாவிலிருந்து

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். அப்பா மெல்லச் சட்டைப் பையிலிருந்து ஐம்பது வெள்ளியை எடுத்தார். நண்பர் கையமர்த்தினார். இங்கேயும் ஒரு விஷயம்: இத்தகைய கிளப்புகளில் பெரும்பாலும் உறுப்பினர் கையொப்பம் போட்டுக் கணக்கில் எழுதுவதே வழக்கம். விருந்தினர் காசை நீட்டினால் அவருக்குத்தான் சங்கடம். நன்றி சொல்ல நினைத்தால் போகும்போதே பழமோ பலகாரமோ கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பாவை நண்பர் ஏற்கெனவே பாதி காலி செய்திருந்தார்.

அப்பா மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "இங்கேருந்து பாத்தா குழியெல்லாம் கிட்டத்துல தெரியுது. பையத் தூக்கிட்டு நடக்கறப்ப எவ்ளோ தூரம்!"

கீழே மணல்குழியை வாரிக்கொண்டிருந்தவர் வங்காளதேசத்து இளைஞர். கிளம்பும்போது அப்பா அவரிடம் போய் மலாயில் பேசினார். எத்தனை மணிக்கு வேலை ஆரம்பம், நிழலில் உட்கார்ந்து சாப்பிட இடம் உண்டா, ஊருக்குப் பணம் அனுப்புகிறாயா என்றெல்லாம் கேட்டார். நண்பர் வாங்காத அந்த ஐம்பது வெள்ளி அவர் கைக்குப் போனது.

திரும்பும் வழியில் சிலியாவ் பக்கம் வண்டியை விடச் சொன்னார். ரப்பர் எப்போதோ போய்விட்டது, செம்பனை நிற்கிறது. ஒன்பது குழி இருந்த மேட்டில் இப்போது வீடமைப்பு. வெராண்டா இருந்த இடம் எது என்று ஒரு மூலை வீட்டைக் காட்டினார். அதன் வேலிக்குள் ஒரு குழந்தை மூன்று சக்கர வண்டி ஓட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் இறங்கவில்லை.

சிரம்பான் நெருங்கும்போது அப்பா பேசினார். "அடுத்த தடவை அம்மாவையும் கூட்டிட்டுப் போலாமான்னு தவுக்கேகிட்ட கேளு. ஆட வேணாம். வெராண்டாவுல உக்காந்து ஒரு டீ குடிக்கட்டும். அந்த மேட்டுல புல்லு வெட்டுனவ அவதான்."

அன்று இரவே நண்பருக்குச் செய்தி அனுப்பினேன். தேதி குறித்தாகிவிட்டது. இந்த முறை அம்மாவின் புடவைக்கு இஸ்திரி போட வேண்டும்.