முழுதாகத் தொடாத பற்கள்



வீட்டில் கிற்றார் இருந்தால், தந்தியை இறுக்கும் முறுக்கியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். திருகாணி மாதிரி ஒரு சின்னத் தண்டு ஒரு பற்சில்லைச் சுழற்றும். பல கிற்றார்களில் 14 தரம் திருகினால்தான் சில்லு ஒரு சுற்றுச் சுற்றும். தந்தி எவ்வளவு இழுத்தாலும் தண்டு திரும்பாது. இந்தத் தண்டை ஆங்கிலத்தில் புழு என்பார்கள். ஜேர்மன் மொழியில் ஷ்னெக்கே, அதாவது நத்தை! இந்தியாவில் பருத்தி விதை பிரிக்கும் இரட்டை உருளைகளில் இதை மரத்திலேயே செதுக்கினார்கள்.

கார்ல்ஸ்ரூஹேயில் முதுகலை படித்தபோது என் வேலை, இந்தப் பற்கள் எங்கே தொடுகின்றன என்று கணினியில் கணக்கிடுவது. தண்டு உருக்கு, சில்லு வெண்கலம். இங்கே பற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். அதனால் சூடு வரும். இடையில் எண்ணெய் நிற்க வேண்டும்.

பல் முழுவதும் தொட்டால் சுமை பரவும்தானே என்று நினைத்தேன். மூன்று வாரம் வடிவத்தை மாற்றி மாற்றி, பல் முழுவதும் தொட வைத்தேன். திரையில் படம் அவ்வளவு அழகு.

மேற்பார்வையாளர் ஒன்றுதான் கேட்டார்: "சுமை ஏறினால் தண்டு வளையாதா?"

நான் தண்டை வளையாத பொருளாக வைத்திருந்தேன். வளைவைச் சேர்த்துத் திரும்ப ஓட்டினேன். தொடுகை பல்லின் விளிம்புக்கு ஓடி, அங்கே அழுத்தம் எகிறியது. ஒப்படைக்க ஒரு மாதம்தான் இருந்தது.

அன்றிரவு அப்பாவுக்குப் போன் எடுத்தேன். யாழ்ப்பாணத்தில் சைக்கிள் திருத்தியவர். "செயினை இறுக்கிப் பூட்டினா அறுந்திடும் மகன். கொஞ்சம் தொய்வு விடவேணும்" என்றார்.

புத்தகத்தைத் திரும்பத் திறந்தேன். வழி அங்கேயே இருந்தது. சில்லை வெட்டும் கருவியைத் தண்டைவிடச் சற்றுப் பெரிதாக எடுத்தால், பற்கள் நடுவில் மட்டும் தொடும். அந்த இடத்தைப் பற்கள் பிரியும் பக்கம் கொஞ்சம் தள்ளினால், சேரும் பக்கத்தில் மெல்லிய இடைவெளி கிடைக்கும். எண்ணெய் அதற்குள்ளால் போகும்.

இதே நகரில் 1841 முதல் கற்பித்த ரெட்டன்பாக்கர், அசையும் மாதிரிகளைக் காட்டித்தான் இயந்திரவியல் சொல்லிக்கொடுத்தார். நான் அதுவரை சில்லைக் கையால் தொட்டதேயில்லை.

கடைசி வாரம் பட்டறையில் பல்லில் நீல மை பூசித் தண்டைச் சுழற்றினோம். நடுவிலிருந்து சற்று விலகி, நகம் அளவில் ஒரு தடம். விளிம்புகள் சுத்தம். படம் எடுத்து முதலில் அப்பாவுக்குத்தான் அனுப்பினேன்.