சிரிப்புக்காரன்

எங்கள் வீட்டில் ஆழ்வார்க்கடியான் நம்பிக்குச் சிரிப்புக்காரன் என்றுதான் பெயர். ஆயா வைத்த பெயர். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ‘பொன்னியின் செல்வன்’ கதையில் வருகிற நீளப் பெயர்கள் வாயில் நுழையவும் நுழையாது. பெரிய பழுவேட்டரையர் அவளுக்குக் கிழவன். நந்தினி, பாம்பு. வந்தியத்தேவன், குதிரைக்காரப் பையன். அத்தை திண்ணையில் அரிக்கேன் விளக்கைத் தூண்டிவிட்டுப் புத்தகத்தைப் பிரித்ததும் ஆயா கேட்பாள்: “இன்னிக்குச் சிரிப்புக்காரன் வருவானாடி?” வருவான் என்றால் வெற்றிலைப் பெட்டியோடு முன்னால் நகர்ந்து உட்காருவாள். இல்லையென்றால் சுவரில் சாய்ந்துகொள்வாள்.

புத்தகம் என்கிறேனே தவிர, அது கடையில் வாங்கியதில்லை. ‘கல்கி’யில் 1950 அக்டோபரில் தொடங்கி ஏறக்குறைய மூன்றரை ஆண்டு வந்த தொடரைச் சிதம்பரத்தில் இருந்த ஆயாவின் தம்பி வாரம் தவறாமல் கிழித்துச் சேர்த்து, ஐந்து பாகத்தையும் ஐந்து பைண்டாகக் கட்டி வைத்திருந்தார். அவருக்குக் கண் மங்கியதும் அவை அத்தையின் தகரப் பெட்டிக்கு வந்து சேர்ந்தன. முதுகில் காலிகோ துணி, ஓரமெல்லாம் பழுப்பு. மணியம் வரைந்த படங்களை மட்டும் எங்களுக்குக் காட்டுவாள், தொட விடமாட்டாள். சில பக்கங்களில் பைண்டுத் தையல் வரியின் தொடக்கத்தை விழுங்கியிருக்கும். அந்த இடம் வந்தால் அத்தை தயங்கமாட்டாள். தானே ஒரு சொல்லைப் போட்டு நிரப்பிக்கொண்டு போய்விடுவாள். பிற்காலத்தில் அச்சுப் புத்தகத்தில் படித்தபோது, அத்தை போட்ட சில சொற்களே தேவலை என்று எனக்குத் தோன்றியது.

கதை எங்கள் பக்கத்திலேயே தொடங்குகிறது என்பதில் எங்களுக்கு ஏகப் பெருமை. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய ஊர் எங்களுடையது. ஆடிப் பதினெட்டன்று வந்தியத்தேவன் குதிரையில் வருகிற வீரநாராயண ஏரிக்கரை, நாங்கள் மாடு குளிப்பாட்டுகிற வீராணத்துக் கரைதான். அவன் வியந்து பார்க்கிற 74 கணவாய்களையும் எண்ணிவிடுவது என்று பையன்கள் ஒருநாள் கிளம்பினோம். பசி வந்ததும் திரும்பிவிட்டோம்.

அந்தப் பக்கத்தில்தான் சிரிப்புக்காரனும் அறிமுகமாகிறான். குட்டையும் கட்டையுமான உடம்பு, முன்குடுமி, மேலெல்லாம் சந்தன நாமம், கையில் குறுந்தடி. ஒரு சைவரோடும் ஓர் அத்வைதியோடும் சண்டை போடுகிறான். பேச்சு போதாதபோது தடியை ஓங்குகிறான். அத்தை மூன்று பேருக்கும் மூன்று குரல் கொடுத்துப் படிப்பாள். எதிர்வீட்டுத் திண்ணையிலும் சிரிப்புக் கேட்கும். அன்று இரவு கடம்பூர் மாளிகையில் சிற்றரசர்கள் கூடிச் சதி பேசும்போது, மதில் சுவருக்கு மேலே ஒரு தலை தெரிகிறது. யாருடையது என்று பார்த்தால் பகலில் தடியை ஆட்டிய அதே ஆள். பிறகு திருப்புறம்பயம் பள்ளிப்படைக் காட்டில் ரவிதாசனும் கூட்டாளிகளும் நள்ளிரவில் கூடும்போது, மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கேட்கிறவனும் அவன்தான். முதன்மந்திரி அநிருத்தப் பிரம்மராயருடைய ஒற்றன்!

எங்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆயா மட்டும் அசரவில்லை. வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்: “நான் அப்பவே நெனச்சேன். மீசை முறுக்கறவன் வந்தா சனம் வாயைப் பொத்திக்கும். சிரிக்க வைக்கிறவன் வந்தா யாருடி பேச்சை நிறுத்துவா?”

வாசற்படியில் உட்கார்ந்திருந்த கூத்துக்காரர் தலையை ஆட்டினார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். திரௌபதை அம்மன் திருவிழாவில் கட்டியக்காரன் வேஷம் கட்டுகிறவர். மற்ற மாதங்களில் கூரை வேய்வார். கீற்றும் விழலும் தூக்கிக்கொண்டு ஊரில் எந்த வீட்டு உச்சியிலாவது உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் கூலி வாங்க வந்து, அத்தை படிப்பதைக் கேட்டு அப்படியே தங்கிவிட்டார். பிறகு கூலி இல்லாத நாளிலும் வந்தார். கதையில் சந்தேகம் எதுவும் கேட்கமாட்டார். ஒரே ஒரு தடவை, ஆழ்வார்க்கடியான் சண்டை போடும் இடத்தில் கேட்டார்: “தடியை எந்தக் கையில புடிச்சிருக்கான்னு போட்டிருக்காம்மா?” போட்டிருக்கவில்லை. “வலது கைன்னு வெச்சுக்குவோம். அப்பதான் இடது கையில குடுமியை முடிய முடியும்” என்றார். அடுத்த நிமிஷம் உட்கார்ந்த இடத்திலேயே இல்லாத குடுமியை முடிந்து இல்லாத தடியைச் சுழற்றிக் காட்டினார். ஆயாவுக்குப் புரையேறிவிட்டது.

தென்னார்க்காட்டுப் பக்கம் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கட்டியக்காரனைத் தெரியும். கூம்புக் குல்லா, முகத்தில் வெள்ளையும் சிவப்பும் புள்ளி, ஒட்டுத்துணிச் சட்டை. முகவீணையும் மத்தளமும் ஒரு சுற்று அடித்து ஓய்ந்ததும் முதலில் சபைக்கு வருகிறவன் அவன்தான். இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் துரியோதனன் கிரீடமும் புஜக்கட்டையுமாக நின்று ஆடிக்கொண்டிருக்க, “நீ யாருய்யா, எங்கேருந்து வர்றே?” என்று கேட்கிற உரிமை அந்தக் கோமாளிக்கு உண்டு. அவனே வாயில்காப்போன், அவனே தூதன், கொஞ்ச நேரத்தில் அவனே அந்தப்புரத்துத் தோழி. ராஜா பேசுகிற செந்தமிழை ஊர்த்தமிழில் திருப்பிச் சொல்கிற சாக்கில் ஊர்க்கதை முழுவதையும் உள்ளே கொண்டுவந்துவிடுவான். ஏரிப் பாசனத் தண்ணீரை யார் இரவோடு இரவாகத் திருப்பினது, பஞ்சாயத்தில் யார் வாக்கு மாறினது, எல்லாம் குருக்ஷேத்திரத்துக்கு நடுவே வரும். கட்டியக்காரன் சொன்னதற்காக யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது எழுதாத சட்டம். எங்கள் ஊரில் பெரியவர்கள் சிலர் திருவிழாவுக்கு முந்தின மாதம் கூரையைப் பிரிக்கவே பயப்படுவார்கள்.

திருக்குறளில் 59ஆம் அதிகாரம் ஒற்றாடல். யாருக்கும் ஐயம் வராத உருவமும், பார்வைக்கு அஞ்சாத மனமும், அறிந்ததைக் கக்கிவிடாத வாயும் ஒற்றனுக்கு வேண்டும் என்று பள்ளியில் தமிழாசிரியர் நடத்தியபோது, நான் பாட்டுக்குக் கூரைமேல் ஆளை நினைத்துக்கொண்டேன். மூன்றாவது தகுதியில்தான் அவருக்குச் சற்று இடித்தது. ஒற்றனை இன்னொரு ஒற்றன் அறியாதபடி ஆள வேண்டும் என்றும் அதே அதிகாரம் சொல்கிறது. வந்தியத்தேவனும் ஆழ்வார்க்கடியானும் கதை நெடுக ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுக்கொண்டே கூட நடப்பதன் ருசி அங்கே இருக்கிறது. கௌடில்யரோ இன்னும் வெளிப்படை. அரண்மனைக்குள் ஒற்று வேலைக்கு அவர் அடுக்குகிற பட்டியலில் கூனர், குள்ளர், ஊமைபோல் நடிப்பவர், கூத்தாடுவோர், பாடுவோர், வாய்ச்சாலகத்தால் பிழைப்போர் எல்லாரும் வருகிறார்கள்.

வயது ஏறிய பிறகு ஆலன் கார்டன் என்ற அமெரிக்கர் 1999இல் எழுதிய ‘தர்ட்டீன்த் நைட்’ நாவல் கைக்குக் கிடைத்தது. ஷேக்ஸ்பியர் நாடகத்து விதூஷகன் ஃபெஸ்டே அதில் துப்பறிகிறான். ஓர்சினோ பிரபு செத்துக்கிடக்கிறார். பல வருஷம் கழித்துப் பழைய ஊருக்கே வேறு வேஷத்தில் திரும்பி வந்து யார் செய்த வேலை என்று தேடுகிறான். ஐரோப்பா முழுவதும் அரண்மனைக் கோமாளிகளுக்கு ஒரு ரகசியச் சங்கம் இருந்தது என்று கார்டன் கற்பனை செய்கிறார். நல்ல கற்பனை. ஆனால் ஒரு குறை: அவருடைய கோமாளிக்குத் தான் புத்திசாலி என்பது கொஞ்சம் அதிகமாகவே தெரிகிறது. ஆழ்வார்க்கடியானிடம் அது இல்லை. நாமமும் பாசுரமும் அவனுக்கு வெறும் வேஷமில்லை. ஆழ்வார் பாடலைப் பாடினால் நிஜமாகவே கண் கலங்குகிறான். பக்தி உண்மை, சண்டை உண்மை, ஒற்று வேலையும் உண்மை. எது திரை, எது ஆள் என்று பிரிக்க முடியாத அந்த இடத்தில் கல்கி பெரிய கெட்டிக்காரர்.

ஆழ்வார்க்கடியான் நிஜமாக இருந்தானா என்று தமிழாசிரியரைக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலுக்கு எங்களைக் கூட்டிப் போனார். கருவறைச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கேறிய கல்வெட்டு. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில் வெட்டியது. ஆதித்த கரிகாலன் கொலையுண்டு 15 ஆண்டுக்கு மேல் கழிந்த பிறகு. விரலை வைத்து எழுத்துக் கூட்டினார். சோமன், ரவிதாசன், பரமேசுவரன். பாண்டியன் தலை கொண்ட கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சொல்லி, அவர்களுடைய, அவர்களைச் சேர்ந்தவர்களுடைய உடைமைகளைப் பறிக்கச் சொல்கிற ஆணை. எனக்கு முதுகு சில்லிட்டது. அத்தை குரலைத் தாழ்த்திப் படிக்கிற ரவிதாசன், நாங்கள் சுண்டல் வாங்கித் தின்கிற கோயிலின் சுவரில் இருந்தான். கொன்றவர்கள் இவர்கள், கொல்லச் சொன்னது யார் என்பதில்தான் சண்டை. உத்தம சோழன்மேல் நீலகண்ட சாஸ்திரி ஐயப்பட்டார், சதாசிவப் பண்டாரத்தார் அதை ஒப்பவில்லை. “முதன்மந்திரி அநிருத்தருக்கு அன்பில் செப்பேடு இருக்கிறது. உன் சிரிப்புக்காரன் கல்கி செய்தவன்” என்றார் ஆசிரியர். ஆயாவிடம் வந்து சொன்னேன். “வேவுக்காரன் பேரைக் கல்லுல வெட்டுவாங்களாடா?” என்று கேட்டுவிட்டுப் பாக்கு வெட்டப் போய்விட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் வீட்டிலேயே ஒரு களவு நடந்தது. இரண்டாம் பாகம் முடிந்து, கடலில் விழுந்த இளவரசருக்கு இனி என்ன ஆகுமோ என்று தெருவே கவலையில் இருந்தது. அத்தை பெட்டியைத் திறந்தால் மூன்றாம் பாகம் ‘கொலை வாள்’ இல்லை. நான்கும் ஐந்தும் இருக்கின்றன, அதைத் தாண்டிப் படிக்க அத்தைக்கு மனமில்லை. சின்ன மாமாவை விசாரித்தாள், எங்கள் பைகளைக் கொட்டிப் பார்த்தாள், எதிர்வீட்டுக்காரியோடு சில நாள் பேசாமலும் இருந்தாள். பெரியப்பாவை மட்டும் யாரும் கேட்கவில்லை. கதை என்றாலே அவருக்கு ஆகாது. “மண்ணெண்ணெய் என்ன ஓசியிலயா வருது? பொட்டச்சி கதை படிச்சா குடும்பம் விளங்கும்” என்று திண்ணையைத் தாண்டும்போதெல்லாம் சொல்வார். சாப்பிட்டதும் துண்டை விரித்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் படுக்கப் போய்விடுவார். பங்குனியில் அந்தக் கொட்டகைக்குக் கூரை மாற்றினார்கள். கூத்துக்காரர்தான் வேய்ந்தார்.

சித்திரையில் கூத்து. நடுச்சாமம். துரியோதனன் சபைக்கு வந்து, சிம்மாசனமான மர பெஞ்சில் காலைத் தூக்கி வைத்து, வழக்கமான கேள்வியைக் கேட்டான்: நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா, மக்கள் நலமா?

“மழைக்கென்ன மகாராஜா. சனங்கதான் அழுதுக்கிட்டு இருக்கு” என்றான் கட்டியக்காரன். “சோழ ராஜா மவன் கடல்ல போயிட்டாராம்.”

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“ஆனா அவரு சாவலை மகாராஜா. நாகப்பட்டினத்துப் புத்த பிட்சுங்ககிட்ட பத்திரமா இருக்காரு.”

“அது உனக்கு எப்படித் தெரியும்?”

“எனக்கு எங்க தெரியும்? இந்த ஊரு மாடுங்களுக்குத் தெரியும். ஒரு பெரிய மனுஷர் ராத்திரி ராத்திரி லாந்தரை வெச்சுக்கிட்டு மாடுங்களுக்குப் படிச்சுக் காட்டுறாரு. செவலைக் காளைக்குக் கண்ணுல தண்ணி!”

கூட்டம் ஒரே நேரத்தில் பெரியப்பா பக்கம் திரும்பியது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அத்தை எழுந்து நின்று கத்தினாள்: “பொஸ்தகம் எங்கே?” கூத்துக்கு நடுவில் பெண்பிள்ளை கேள்வி கேட்டு நான் பார்த்தது அன்றுதான்.

“கொட்டகை இறவாணத்துல, கீத்துக்குள்ள, தாயே! மழைக்கு முந்தி எடுத்துருங்க.”

அத்தை அரிக்கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஆயா சிரித்துச் சிரித்து வெற்றிலைப் பெட்டியைக் கவிழ்த்தாள். சற்றுப் பொறுத்து, பெரியப்பா மடியிலிருந்து இரண்டு ரூபாயை எடுத்து என் கையில் கொடுத்து மேடைக்கு அனுப்பினார். கட்டியக்காரன் நோட்டை விளக்கில் தூக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் பார்த்து, மத்தளத்தை நிறுத்தச் சொல்லி முறைப்படி அறிவித்தான்:

“மேலத்தெரு ஐயா அவர்கள், நாலாம் பாகத்தைப் பத்தி நான் வாயே தொறக்கக் கூடாதுன்னு கொடுத்த அன்பளிப்பு, ரூபா ரெண்டு!”