கேட்காவ் ஊரின் கிணறுகள்



புனேயிலிருந்து தவுண்ட் செல்லும் பாசஞ்சர் ரயிலில் ஏறி, ஹடப்ஸர், லோணி, உருளி, யேவத் ஆகிய நிலையங்களைக் கடந்தால், ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் கேட்காவ் என்னும் சிறிய நிலையம் வருகிறது. கரும்பு விளையும் பூமி. வெல்லம் காய்ச்சும் பருவத்தில் அதன் மணம் ரயில் பெட்டிக்குள்ளேயே வந்துவிடும். மும்பையிலும் புனேயிலும் குடியேறி வாழும் நம்மில் பலர் சொந்த ஊருக்குப் போகும்போதும் வரும்போதும் எத்தனையோ முறை இந்த வழியாய்ச் சென்றிருப்போம். ஆனால் அந்தப் பெயர்ப்பலகையைக் கவனித்தவர்கள் சிலரே. பண்டித ரமாபாய் நிறுவிய முக்தி மிஷன் இந்த ஊரில்தான் இருக்கிறது.

சபைக் குடும்பங்களை அழைத்துக்கொண்டு நான் பலமுறை அங்கே சென்றதுண்டு. வருகிறவர்கள் தங்கள் பாரங்களையும் சுமந்துகொண்டே வருகிறார்கள். ஒற்றையறை வீட்டின் வாடகை, ஊரில் இருக்கும் தாயின் மருந்துச் செலவு, வட்டிக்கு வாங்கிய பணம், வேலை நிலைக்காத மகன், குடியை விடாத கணவன், விடியற்காலை மூன்று மணிக்குக் குழாயடியில் வைக்கவேண்டிய குடம். “பாஸ்டர், எழுப்புதல் உண்டான இடத்தில் நின்று ஜெபித்தால் என் காரியம் வாய்க்குமா?” என்று ஒரு சகோதரி ரயிலிலேயே கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு நான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ரமாபாயின் வாழ்க்கையைத்தான் சொல்லத் தொடங்கினேன்.

அந்த வாழ்க்கை பஞ்சத்தில் தொடங்குகிறது. நம் பாட்டன் பாட்டிமார் தாது வருடப் பஞ்சம் என்று சொல்லி நடுங்கிய காலத்தை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சம் அது. 1858இல் பிறந்த ரமாபாயின் குடும்பம் அக்காலத்தில் தென்னாட்டில்தான் அலைந்துகொண்டிருந்தது. தந்தை அனந்த சாஸ்திரி பெரும் சமஸ்கிருத வித்துவான். புண்ணிய தலங்களில் புராணம் வாசித்து, அதனால் வரும் காணிக்கையில் குடும்பம் வாழ்ந்தது. பஞ்சம் முற்றியபோது அந்த வருமானம் நின்றது. கையிலிருந்த பொருளெல்லாம் விடுதலையை எதிர்பார்த்துத் தானமாகவும் காணிக்கையாகவும் செலவழிந்தது. கூலி வேலைக்குப் போகக் குலப்பெருமை இடங்கொடுக்கவில்லை. பதினொரு நாள் தண்ணீரையும் இலைகளையும் சில காட்டுப் பேரீச்சம்பழங்களையும் உண்டு உயிர் பிழைத்ததாக ரமாபாய் தம் சாட்சியில் எழுதியிருக்கிறார். தந்தை, தாய், மூத்த சகோதரி என ஒருவர்பின் ஒருவராய் மாண்டனர். எஞ்சிய அண்ணனும் தங்கையும் கால்நடையாய் வடதேசம் வரைக்கும் போனார்கள். ஜீலம் நதிக்கரையில் குளிர் தாங்காமல், மணலில் கல்லறைபோல் இரண்டு குழிகள் தோண்டி, தலையைத் தவிர உடல் முழுவதையும் மணலால் மூடிக்கொண்டு இரவைக் கழித்தார்கள்.

கல்கத்தாவில் அவருடைய கல்வியைக் கண்டு ‘பண்டிதா’ என்றும் ‘சரஸ்வதி’ என்றும் பட்டங்கள் கொடுத்தார்கள். ஆனாலும் 1880இல் அண்ணனும் மரித்தார். அதே ஆண்டில் மணந்த கணவர் 1882இல் காலராவில் மறைந்தபோது ரமாபாய்க்கு வயது 23. கையில் ஒரு வயதும் நிரம்பாத மகள் மனோரமா. மருத்துவம் கற்க இங்கிலாந்துக்குப் போனார்; காது மந்தமாயிருந்தபடியால் அந்தக் கதவும் அடைபட்டது. அங்கேதான் 1883 செப்டம்பர் 29ஆம் நாள் ஞானஸ்நானம் பெற்றார். கிறிஸ்தவ மார்க்கத்தைக் கண்டடைந்தும் கிறிஸ்துவைத் தனிப்பட்ட இரட்சகராய் அறிந்துகொள்ளத் தமக்கு மேலும் பல ஆண்டுகள் ஆயிற்று என்று பிற்பாடு அவரே ஒளிக்காமல் எழுதினார். சபையில் இருபது ஆண்டு உட்கார்ந்திருக்கிற நம்மவர்கள் அந்தப் பகுதியை நிதானமாய் வாசிப்பது நல்லது.

1889 மார்ச்சில் பம்பாயில் விதவைகளுக்கென்று சாரதா சதனைத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் அது புனேக்கு மாறிற்று. 1896இல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் வந்தபோது, தம் பழைய பசியை நினைத்து ரமாபாய் புறப்பட்டுப்போய், ஏறத்தாழ 300 பெண்களையும் சிறுமிகளையும் மீட்டுவந்தார். புனேயில் பிளேக் நோய் பரவிக்கொண்டிருந்ததால் அவர்களை நகரத்தில் தங்கவைக்க முடியவில்லை. பழத்தோட்டத்துக்கென்று அதற்குமுன் வாங்கிவைத்திருந்த கேட்காவ் நிலத்தில் கூடாரங்களும் கொட்டகைகளும் எழும்பின. 1900இல் குஜராத் பஞ்சத்துக்குப் பின்பு அங்கே உண்டு உறங்கினவர்கள் ஏறத்தாழ 2000 பேர்.

வாசகரே, இரண்டாயிரம் பேருக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று யோசித்துப் பாருங்கள். தண்ணீர் லாரி வராத ஒரு நாளில் நம் குடியிருப்பு என்ன பாடு படுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வறட்சியில் கேட்காவின் கிணறுகள் வற்றும் நிலைக்கு வந்தன. மாலைக்குள் இறைத்துத் தீர்ந்துவிடும். நாளைக்கு என்ன செய்வது என்ற கவலையோடு ஜெபித்துப் படுப்பார்கள். காலையில் அன்றைய தேவைக்குப் போதுமான தண்ணீர் ஊறியிருக்கும். மறுபடியும் மாலைக்குள் தீரும். இப்படியே நாட்கள் சென்றன என்று அக்காலத்தவர் எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரு வருஷத்துக்கு வேண்டிய தண்ணீர் ஒரே இரவில் பொங்கி வரவில்லை. சாறிபாத் விதவையின் பானையிலும் மாவு மலைபோல் குவியவில்லையே. அன்றன்றைய அடைக்கு உண்டான மாவே இருந்தது. மாதச் சம்பளம் இருபதாம் தேதிக்குள் தீர்ந்துபோகிற குடும்பத்துக்கு இந்தக் கிணறு பேசுகிற அளவுக்கு எந்தப் பிரசங்கமும் பேசாது என்பது என் எண்ணம்.

கேட்காவில் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். பஞ்சத்திலிருந்து வந்த பெண்களுக்கு அங்கே சோறும் சுவிசேஷமும் மாத்திரம் கொடுக்கப்படவில்லை. நெசவு, தையல், எண்ணெய் ஆட்டுதல், பால்பண்ணை, தோட்ட வேலை, அச்சுக்கோர்த்தல் என்று ஆளுக்கொரு தொழில் கற்பிக்கப்பட்டது. பார்வையற்ற பெண்கள் விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்தைக் கற்றார்கள். வேலை செய்வது இழிவென்று கருதிய வீட்டில் தாயும் தந்தையும் பட்டினியால் சாவதைக் கண்ட மகள், தன் பொறுப்பில் வந்த ஒருத்தியையும் தொழில் தெரியாதவளாய் விட மனமில்லாதிருந்தாள் என்றே நான் இதைப் புரிந்துகொள்ளுகிறேன்.

இதை ஏன் அழுத்திச் சொல்லுகிறேன் என்றால், கடன் வாங்கிக் காணிக்கை போட்டுவிட்டு அற்புதத்துக்குக் காத்திருக்கும் குடும்பங்கள் நம் நகரங்களில் இருக்கின்றன. ஒரு கன்வென்ஷனிலிருந்து அடுத்த கன்வென்ஷனுக்கு வேன் பிடித்துப் போகிறார்கள். வட்டிக்காரன் வாசலில் நிற்கிறான். அப்படிப்பட்டவர்களிடம் காணிக்கையைக் கேட்பதற்குமுன் கடன் கணக்கைக் கேட்கிற போதகரே மெய்யான மேய்ப்பர். வீட்டிலிருக்கும் சகோதரிக்கு ஒரு தையல் இயந்திரம் வாங்கச் சபை உதவுமானால், அதுவும் ஜெபத்துக்குக் கிடைத்த பதில்தான்.

இனி எழுப்புதலுக்கு வருகிறேன். 1905 ஜனவரியில் ரமாபாய் தினந்தோறும் ஜெபிக்க ஒரு குழுவை அழைத்தார். எழுபது பேர் கூடினார்கள். ஜூன் மாதத்தில் அந்த எண்ணிக்கை 500ஐத் தாண்டிற்று. ஜூன் 29ஆம் நாள் அதிகாலை இருட்டில், ஆவியானவரால் நிறைந்து ஜெபித்த ஒரு பெண்ணைக் கண்ட தோழி, அவள்மேல் தீப்பற்றியதென்று எண்ணி வாளியில் தண்ணீர் கொண்டுவர ஓடினாளாம். ஊற்றப்போகும் வேளையில்தான் அது எரிக்கிற நெருப்பல்ல என்று அறிந்தாள். இதை எழுதிவைத்தவர் அங்கே ஊழியஞ்செய்த மின்னி ஏப்ரம்ஸ். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசூசா தெருவில் எழுப்புதல் தொடங்கியது 1906 ஏப்ரலில். மின்னி ஏப்ரம்ஸ் எழுதிய சிறு புத்தகம் தென் அமெரிக்காவின் சிலி தேசம் வரைக்கும் போய், அங்கே பெந்தெகொஸ்தே சபைகள் எழும்பக் காரணங்களில் ஒன்றாயிற்று.

நம் மேடைகளில் இந்த வாளித் தண்ணீர்ச் சம்பவம் அடிக்கடி சொல்லப்படுகிறது. கிணற்றுத் தண்ணீர்ச் சம்பவத்தை நான் அரிதாகவே கேட்டிருக்கிறேன். இரண்டும் ஒரே வளாகத்தில், ஐந்தாறு ஆண்டு இடைவெளியில் நடந்தவை. அபிஷேகம் பெற்ற பெண்கள் சுற்றுக் கிராமங்களுக்குச் சுவிசேஷம் சொல்லப் போனார்கள். திரும்பி வந்து தறியிலும் அடுப்படியிலும் தங்கள் முறை வேலையைச் செய்தார்கள். ரமாபாயும் எபிரெயம், கிரேக்கம் கற்று, படிப்பில்லாத கிராமத்துப் பெண்களுக்கும் விளங்கும் எளிய மராத்தியில் வேதத்தை மொழிபெயர்க்க உட்கார்ந்தார். வாழ்நாளின் இறுதிவரை அந்த வேலை நீடித்தது. 1921 ஜூலையில் மகள் மனோரமா நாற்பது வயதில் மரித்தார். தமக்குப்பின் ஊழியத்தைச் சுமப்பார் என்று எண்ணியிருந்த ஒரே பிள்ளை. அந்தத் துக்கத்திலும் மொழிபெயர்ப்பு நிற்கவில்லை. 1922 ஏப்ரல் 5ஆம் நாள் ரமாபாய் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவர் தொழில் கற்பித்த பெண்களின் அச்சகத்திலிருந்தே 1924இல் முழு வேதாகமம் வெளிவந்தது.

ரயிலில் கேள்வி கேட்ட சகோதரி அன்று ஆராதனைக் கட்டடத்தில் நெடுநேரம் முழங்காலில் இருந்தார்கள். எழுந்து வந்தபின் வேறொரு கேள்வி கேட்டார்கள்: “தையல் கற்றுக்கொடுக்க நம் சபையில் யாராவது இருக்கிறார்களா, பாஸ்டர்?”

நீங்களும் போக விரும்பினால், முன்னதாக எழுதி அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். அது இன்றும் பெண்களும் பிள்ளைகளும் வாழ்கிற வீடு. வேடிக்கை பார்க்கும் தலமல்ல. பிள்ளைகளைக் கைப்பேசியில் படம் பிடிக்காதீர்கள். பெருங்கூட்டமாய்ப் போகாமல் இரண்டு மூன்று குடும்பங்களாய்ப் போங்கள். உங்கள் சாப்பாட்டை நீங்களே கட்டிக்கொண்டு போங்கள். மாலையில் புனே திரும்பும் ரயிலின் நேரத்தைக் காலையிலேயே நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். வெயில் காலமானால் குடிதண்ணீரும் எடுத்துச் செல்லுங்கள்.