சான்சிபார் கரையில் நேரம்

கிழக்கு ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிய சான்சிபார் தீவில் இறங்கும் பயணி முதலில் தடுமாறுவது மணிக்கணக்கில்தான். சுவாஹிலி பேசும் மக்கள் பகற்பொழுதின் மணிகளைச் சூரிய உதயத்தை ஒட்டி எண்ணுவதால், கடிகாரம் காலை ஏழைக் காட்டும்போது அவர்களுக்கு மணி ஒன்று. நிலநடுக்கோட்டுக்கு அருகில் உதயவேளை ஆண்டு முழுவதும் பெரிதாக மாறாததால் அக்கணக்கு பிசகுவதும் இல்லை. சிறிய முள் ஏழில் நிற்க, அதற்கு நேர் எதிரேயுள்ள ஒன்றைப் படித்துச் சொல்லும் கடைக்காரரிடம் தயக்கம் துளியும் இருப்பதில்லை. உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய மரபுடைய தமிழருக்கு இது அந்நியமானதன்று.

தாலா-தாலா எனப்படும் சிற்றுந்து, ஆள் நிரம்பிய பிறகே புறப்படுவதைக் கண்டு இம்மக்களுக்கு நேரத்தின் அருமை தெரியாது என்று முடிவுகட்டுவோர் உண்டு. தீவின் கிழக்குக் கரையிலுள்ள பாஜே, ஜம்பியானி ஊர்களைப் பார்த்தால் அம்முடிவு எத்துணை அநியாயமானது என்பது விளங்கும். 1980களின் இறுதியில் அங்கே வேரூன்றிய கடற்பாசி வளர்ப்பு பெரும்பாலும் பெண்களின் தொழில். ஆழமற்ற கடலின் மணலில் குச்சிகளை அடித்து, இடையே கயிறு இழுத்து, அதில் பாசித்துணுக்குகளை ஒவ்வொன்றாக முடிந்துவிடுகிறார்கள். இந்த வேலைக்கு ஏற்ற அளவு நீர் இறங்கும் பெருவற்று, அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய சில நாள்களில், அதுவும் சில மணி நேரமே நீடிப்பதோடு, நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளியும் போவதால், கடலில் இறங்கும் வேளை தினமும் மாறுகிறது. நீர் ஏறிவிட்டால் கயிறு கைக்கு எட்டாது; பிந்தி வந்தவருக்கு அன்று வேலை இல்லை. எந்த ஆலைச் சங்கும் இவ்வளவு கண்டிப்பானதன்று.

கென்ய அறிஞர் ஜான் எம்பிட்டி 1969இல் வெளியிட்ட நூலில், ஆப்பிரிக்க மரபில் காலம் நிகழ்வுகளால் ஆனது என்றும், இன்னும் நிகழாத தொலை எதிர்காலத்துக்கு அதில் இடமில்லை என்றும் வாதிட்டார். முதற்கூற்றுக்குச் சான்சிபாரின் கரையே சான்று. இரண்டாவதைக் கானா நாட்டு மெய்யியலாளர் குவாமே கியெக்யே போன்றோர் மறுத்தார்கள், அந்த மறுப்பே சரியென்று தோன்றுகிறது. இன்று முடிந்த பாசித்துணுக்கு அறுவடைக்கு வர ஏறத்தாழ ஆறு வாரம், அதாவது மூன்று பெருவற்றுகள், ஆக வேண்டும். அறுத்ததைக் காயவைக்க வெயிலும் வேண்டும் என்பதால், மழைக்காலம் எப்போது தொடங்கும் என்ற கணக்கும் கயிறு கட்டும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது.