மணிமேகலையைக் காணோம்

எங்கள் குடும்பத்தில் 'பொன்னியின் செல்வன்' ரசிகர் என்றால் அது மாமாதான். வீராணம் ஏரிக்கரையில் நின்றுகொண்டு, வந்தியத்தேவன் குதிரையில் வந்த வழியைக் கைநீட்டிக் காட்டுவார். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் பெயர்கள் உடையார்குடிக் கல்வெட்டில் இருப்பதைச் சொல்லாமல் அவர் எந்தக் கல்யாணப் பந்தியிலிருந்தும் எழுந்ததில்லை. கும்பகோணத்தில் அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. அதில் ஐந்து தடித்த பைண்டுகள். 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் நாவல் தொடராக வந்தபோது, வாராவாரம் பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, அட்டைக்குப் பழைய வேட்டித் துணியை ஒட்டியவர் அம்மாச்சி. வருகிறவர்களிடம் மாமா அதை "எங்க வீட்டுப் பொக்கிஷம்" என்று காட்டுவார். தைத்தது யார் என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை.

அந்த பைண்டுகளைப் பதினான்கு வயதில் அம்மாவும் படித்தார். 1971இல் கல்யாணமாகித் திருச்சிக்கு வந்தபோது கட்டில், பீரோ, பாத்திரங்கள் எல்லாம் சீராக வந்தன. புத்தகம் வரவில்லை. மாமா படித்தால் அது வரலாற்று ஆர்வம். அம்மா கதைப் புத்தகத்தை எடுத்தால், "அடுப்புல பால் பொங்குறதுகூடத் தெரியாது" என்பார் அப்பா. அம்மாவை யாரும் ரசிகை என்று சொன்னதில்லை. நானும்தான்.

2022 செப்டம்பர் 30 அன்று படம் வந்தது. அந்தத் தீபாவளிக்கு மாமா வீட்டில் வேறு பேச்சே இல்லை. கரிகாலனாக விக்ரம் சரியா, வந்தியத்தேவனாகக் கார்த்தி குறும்பைச் சரியாகப் பிடித்தாரா, நந்தினியும் குந்தவையும் நேருக்கு நேர் நிற்கும் காட்சியில் ஜெயித்தது ஐஸ்வர்யா ராயா, த்ரிஷாவா? மாமாவும் அவர் பேரன்களும் குரலை உயர்த்திச் சண்டை போட்டார்கள். அத்தையும் அம்மாவும் காப்பி கொண்டுவந்தார்கள், டம்ளர்களை எடுத்துப் போனார்கள். இரவு படுக்கப்போகும்போது அம்மா என்னிடம் மட்டும் சொன்னார்: "கடம்பூர் மாளிகையக் காட்டினாங்க, அவளைக் காட்டலையே. சரி, அவளுக்குப் பின்னாடிதான் வேலை. ரெண்டாம் பாகத்துல வருவா."

ஏழு மாதம் காத்திருந்தார். 2023 ஏப்ரல் 28 அன்று இரண்டாம் பாகம் வந்தது. படம் முடிந்து விளக்குப் போட்டதும், செருப்பைத் தேடிக்கொண்டே அம்மா கேட்டார்: "மணிமேகலையைக் காணோமே?"

நாவலைப் படிக்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மணிமேகலை, கடம்பூர் சம்புவரையரின் மகள். அவளுடைய அண்ணன் கந்தமாறன் தன் நண்பன் வந்தியத்தேவனைப் பற்றிச் சொல்லிச் சொல்லியே அவள் மனதில் அவனைப் பதியவைக்கிறான். பிறகு அதைவிடப் பெரிய இடமாக மதுராந்தகன் தெரிகிறான். அதன் பிறகு கரிகாலன். பெரியவர்களின் கணக்கு மாறும்போதெல்லாம் அவள் யாருக்கு என்பதும் மாறுகிறது. அவள் மனம் மட்டும் மாறவில்லை. கரிகாலன் கொலையுண்டபோது, வந்தியத்தேவனைக் காப்பாற்ற, கொன்றது தானே என்கிறாள். ஆனாலும் அவன் சிறைக்குப் போகிறான். கடைசியில் சித்தம் கலங்கி, அவன் மடியில் உயிர்விடுகிறாள்.

மே மாதம் கும்பகோணம் போயிருந்தோம். பேச்சு மறுபடி படத்துக்கு வந்தது. ஐந்து பாக நாவலை இரண்டு படத்தில் அடக்க வேண்டுமென்றால் சிலரை விட்டுத்தானே ஆக வேண்டும் என்றார் மாமா. நியாயம்தான். "மணிமேகலை கற்பனைப் பாத்திரம். சரித்திரத்துலயே இல்ல. அவ இல்லாம கதை நிக்குது பாரு."

காப்பித் தட்டோடு நின்ற அம்மா சொன்னார்: "நந்தினியும் கற்பனைதானே அண்ணே? பூங்குழலியும்தானே? மணிமேகலை சாவுறதுதான் கடைசி அத்தியாயமே. அவ இல்லாம எப்படி நிக்குது?"

கூடத்தில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பேரன், "அப்பாயி, நீங்க படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மாவே பேச்சை எடுத்தார். மாமாவுடன் படித்த ஒருவர் அடிக்கடி வீட்டுக்கு வருவாராம். "இவன்தான் ஒன்னக் கட்டிக்கப் போறான்" என்று சொல்லிவைத்தது மாமாதான். பிறகு மாமாவுக்கு வேலை வாங்கித் தந்தவர் தன் மகனுக்குக் கேட்டார். நண்பரின் பேச்சு நின்றுபோனது. அந்தச் சம்பந்தமும் தட்டிப்போய், மூன்றாவதாக அப்பா. "மூணு பேரு மாறினாங்க. யாரும் என்னை ஒரு வார்த்தை கேக்கல." டிக்கெட்டைச் சிறிதாக மடித்துக்கொண்டே சொன்னார்: "மணிமேகலை மாத்திக்கல. நான் மாத்திக்கிட்டேன்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கல்லூரி விடுதியில் நான் நந்தினி கட்சி. குந்தவை கட்சிக்காரிகளோடு விடிய விடியச் சண்டை போட்டிருக்கிறேன். மணிமேகலைக்குக் கட்சியே கிடையாது. காதலுக்காகப் பைத்தியமாகிற அசடு என்று எல்லோரும் சேர்ந்து சிரிப்போம். சினிமாக்காரர்கள் வெட்டுவதற்கு வெகுகாலம் முன்பே நான் அவளை வெட்டிவிட்டேன். படம் பார்த்தபோதும், அரசியல் பேசும் இரண்டு பெண்களைத் திரையில் கண்ட மகிழ்ச்சியில், இன்னொருத்தி இல்லாதது எனக்குத் தெரியவே இல்லை.

அரசியலை நகர்த்தும் பெண்ணைக் கொண்டாடக் கற்றுக்கொண்டோம், நல்லது. அரசியலில் நகர்த்தப்பட்ட பெண்ணை என்ன செய்வது? வீடுகளில் பெரும்பாலும் அவள்தானே இருந்தாள். குந்தவையின் பெயர் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், அவர் கொடுத்த கொடைகளோடு இருக்கிறது. மணிமேகலைக்குக் கல்வெட்டு கிடையாது. அம்மாச்சிக்கும் கிடையாது. கல்லில் இருந்தால்தான் கணக்கு என்றால், அந்தக் கணக்கில் என் அம்மாவுக்கும் இடமில்லை. ஒரு நாவலின் ஓரத்தில்தான் அவர் தன்னைக் கண்டுபிடித்திருக்கிறார்.

அன்று மாமா வீட்டிலிருந்து கிளம்பும் முன் அம்மா அலமாரியைத் திறந்து ஐந்தாவது பைண்டை எடுத்துத் துணிப்பையில் வைத்துக்கொண்டார். "பழசு, பத்திரம். படிச்சிட்டுக் குடுத்துரு" என்றார் மாமா. "அம்மா தச்சது, எனக்குத் தெரியாதா?" என்றார் அம்மா.

அதற்குப் பிறகு மாமா இரண்டு முறை போனில் கேட்டுவிட்டார். இன்னும் படித்து முடிக்கவில்லை என்றே அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறார்.