ஓரியாட்டம்

ஸ்டுட்கார்ட்,
கார்த்திகை.



போன மாதம் மடல் வரவில்லையே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வீட்டில் பையன் பிறந்திருக்கிறான். அவனுக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்த நாட்களில் வேறு எதுவும் எழுத ஓடவில்லை. எழுத்தை நம்பிப் பிழைப்பவனுக்கு, சொந்த மகனுக்கு இரண்டு எழுத்துக் கிடைக்க இருபத்தாறு நாள் ஆனது.

இங்கே குழந்தை பிறந்த ஒரு வாரத்துக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தகவல் போய்விட வேண்டும். ஆஸ்பத்திரியில் பிறந்தால் அவர்களே அனுப்பிவிடுகிறார்கள். பெயர் முடிவாகவில்லை என்றால் ஒரு மாதம் தவணை. பெயர் சொல்லாமல் பிறப்புச் சான்றிதழ் கையில் வராது. அது வராமல் பிள்ளைக்கான உதவித்தொகையும் இல்லை, பாஸ்போர்ட்டும் இல்லை. நம் ஊர்ச் சட்டம் இந்த விஷயத்தில் தாராளம். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, பெயர் இல்லாமலே பதிந்துவிட்டு 12 மாதம் வரை கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் தாமதக் கட்டணம் கட்டி 15 வருடம் வரை சேர்க்கலாம். மீசை அரும்பட்டும், அவனையே கேட்டுக்கொள்வோம் என்று விட்டுவிடக்கூட இடமிருக்கிறது.

ஜலகண்டாபுரத்தில் அண்ணன் விசைத்தறி ஓட்டுகிறார். போன் பேசுவதெல்லாம் தறிக்கூடத்தில் இருந்துதான். அந்தச் சத்தத்தில் நான் "இனியன்" என்றால் "என்னது, எண்ணெயா?" என்பார். அவர் சொன்ன முதல் பெயர் மாதேஷ். மேட்டூருக்கு அப்பால் மாதேஸ்வரன் மலைச் சாமிக்கு வேண்டிக்கொண்டாராம். எங்கள் பக்கம் பெயரைக் கேட்டாலே ஆள் எந்த மலையைப் பார்த்துக் கும்பிடுகிற குடும்பம் என்று சொல்லிவிடலாம். மாதையன், மாதம்மாள் என்றால் அந்த மலை. நாமகிரி, நரசிம்மன் என்றால் நாமக்கல். செங்கோட்டுவேலு, அர்த்தநாரி என்றால் திருச்செங்கோடு. முனியப்பனுக்கு மலை வேண்டியதில்லை, ஊர் எல்லையே போதும். நான் படித்த பள்ளிக்கூடத்து வாத்தியார் வருகைப் பதிவேட்டை வாசித்து முடிப்பதற்குள் இரண்டு மாவட்டத்துக் கோயில்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுவோம்.

அண்ணன் மகளிடம் வேறொரு பட்டியல் இருந்தது. ரித்தீஷ், தர்ஷித், கிருத்திஷ். ஒவ்வொன்றும் குக்கர் ஆவி பிடித்ததுபோல் 'ஷ்' என்று அடங்கியது. ஊர் ஜோசியர், பையன் சுவாதி நட்சத்திரம், ரு, ரே, ரோ, தா இந்த நான்கில் ஒன்றில்தான் தொடங்க வேண்டும் என்று எழுதி அனுப்பினார். என் மனைவி தமிழ் படித்தவள். ரகரத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது, இராமனுக்கே முன்னால் ஓர் இகரத்தை முட்டுக்கொடுத்துத்தான் உள்ளே விட்டார்கள் என்று மூன்றெழுத்தை அடித்துவிட்டாள். மிச்சம் 'தா'. "தாவுல ஆரம்பிச்சா ஆயுசுக்கும் தா தான்னு கேட்டுக்கிட்டே இருப்பானே, தம்பி" என்றார் அண்ணன்.

நல்ல தமிழ்ப் பெயராக வைப்போம் என்று உட்கார்ந்தோம். இந்த நாட்டு நாக்கு குறுக்கே வந்தது. ழகரத்துக்காக நாம் போடும் ஆங்கில எழுத்துகளை இவர்கள் 'ட்ஸ' என்று வாசிப்பார்கள். எழிலன் எட்ஸிலன் ஆவான். வேலன் ஃபேலன் ஆவான். ஜகரம் யகரமாகிவிடும். என் பாஸ்போர்ட்டில் பிறந்த ஊரைப் பார்க்கிறவர்கள் எல்லாம் 'யலகண்டபுரம்' என்கிறார்கள். ஜவா சவா என்று நாமே தீர்க்காத வழக்கில் இவர்கள் மூன்றாவதாக ஓர் எழுத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

கவின் என்று வைக்கலாம் என்றேன். சொல்லழகும் பொருளழகும் உள்ள பெயர். எங்கள் பக்கம் தெருவுக்கு இரண்டு கவின் இருக்கிறான். அலுவலகத் தோழி ஒருத்தி கேட்டதும் முகம் சுளித்தாள். அவள் காதில் அது கெவின் என்று விழுந்துவிட்டது. வீட்டில் தனியாக மாட்டிக்கொள்ளும் பையனைப் பற்றிய ஹாலிவுட் படம் வந்த 1991-இல் ஜெர்மனியில் ஆண்பிள்ளைகளுக்கு அதிகம் வைத்த பெயர் கெவின்தான். அதில் பலர் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள். 2009-இல் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்து ஆய்வொன்றில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களைக் கேட்டபோது, கெவின் என்றாலே சேட்டைக்காரன், படிப்பு ஏறாதவன் என்று பலர் எண்ணுவது தெரிந்தது. பிள்ளை வாயைத் திறக்கும் முன்பே பெயர் பேசிவிடுகிறது. நம் ஊரில் பெயரின் வாலில் சாதி பேசிய காலம் நினைவுக்கு வந்தது. கவினை எடுத்து வைத்துவிட்டோம்.

பெயரைக் கேட்டால் ஆணா பெண்ணா என்று தெரிய வேண்டும் என்றும் இங்கே ஒரு விதி இருந்தது. இந்திய வம்சாவளித் தகப்பன் ஒருவர் தம் மகளுக்குக் கிரண் என்று வைக்க, இருபாலுக்கும் பொதுவான பெயர், கூடவே பெண்பெயர் ஒன்றும் சேர்த்தால்தான் பதிவோம் என்று மறுத்துவிட்டார்கள். வழக்கு கார்ல்ஸ்ரூவில் உள்ள அரசியல் சட்ட நீதிமன்றம் வரை போனது. பெற்றோர் விருப்பம்தான் செல்லும், பிள்ளைக்குக் கெடுதல் வராதவரை அரசு தலையிட முடியாது என்று 2008 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. இதை மனைவியிடம் சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. என் அப்பா பெயர் அர்த்தநாரி. பாதிப் பெண் என்று அர்த்தம். திருச்செங்கோட்டு மலைமேல் ஆண்பாதி பெண்பாதியாக நிற்கிற சாமியின் பெயர். அந்தப் பெயரோடு எத்தனையோ முரட்டு ஆண்கள் எங்கள் பக்கம் தறி நெய்தார்கள், ஏர் ஓட்டினார்கள், பஞ்சாயத்துப் பேசினார்கள். அவர்களில் ஒருவரையும் நீ ஆணா பெண்ணா என்று எந்த அலுவலகமும் கேட்டதில்லை.

அம்மா தொண்ணூறு நாள் விசாவில் பேரனைப் பார்க்க வந்திருந்தார். இத்தனை பேச்சிலும் வாயைத் திறக்கவில்லை. பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே ஒருநாள் சொன்னார்: "பேரன்னா என்ன கண்ணு அர்த்தம்? தாத்தன் பேரு உள்ளவன்."

அது சரிதான். பெயரன்தான் பேரன். நம் மொழியில் அந்த உறவுக்குப் பெயரே பெயரில் இருந்து வந்தது. ஆனால் அம்மா அந்தப் பெயரைச் சொல்லவில்லை. அவர் என்றைக்கும் சொன்னதில்லை. சிறுவயதில் ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயர் என்ன என்று கேட்டால் என் தோளை இடிப்பார்: "சொல்லு கண்ணு." நான் கத்துவேன், "அர்த்தநாரி!" கோயிலுக்குப் போனால்கூட அவருக்கு அது 'செங்கோட்டுச் சாமி'தான். புருஷன் பெயர் என்பதால் சாமி பெயரையும் நாக்கில் வைக்க மாட்டார்.

மாமனார் பெயரைப் பிள்ளைக்கு வைத்த வீடுகளில் இதைவிட வேடிக்கை. மருமகளால் சொந்த மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது, திட்டவும் முடியாது. அதனால் அவன் சாமி, தம்பி, பெரியவன் என்று வேறு பெயரில் வளர்வான். பிள்ளைகள் தங்காத வீட்டில் குப்பன், பிச்சை என்று வைத்து எமனை ஏமாற்றுவார்கள். அடுத்தடுத்துப் பெண்ணாகப் பிறந்தால் போதும்பொண்ணு. அது அந்தப் பிள்ளைக்கு வைத்த பெயரில்லை, அடுத்த பிறப்புக்கு எழுதிய விண்ணப்பம். 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தமிழக அரசு எங்கள் சேலத்தில் தொடங்கியது, அந்த விண்ணப்பத்தைக்கூட எழுத மனமில்லாத வீடுகள் இருந்ததால்தான். எங்கள் பையனுக்கு ஒன்பது பேர் பதினேழு பெயர் சொன்னார்கள். பெண்ணாக இருந்திருந்தால் அத்தனை போன் வந்திருக்குமா என்று மனைவி கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

கட்சிக்காரரான மாமா, தலைவர் பெயராக வை என்றார். தமிழ்நாட்டில் அதற்கும் நெடிய வரலாறு உண்டு. 1916-இல் வேதாசலம் மறைமலை ஆனார். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார். கருணாநிதி தம் மகனுக்கு அய்யாதுரை என்று வைக்க எண்ணியிருந்தார்: அய்யா பெரியார், துரை அண்ணாதுரை. பிள்ளை பிறந்தது 1953 மார்ச் 1. மார்ச் 5-இல் மாஸ்கோவில் ஸ்டாலின் இறக்க, இரங்கல் கூட்டத்திலேயே பெயர் மாறிவிட்டது. சேலத்துக் கம்யூனிஸ்ட் தலைவர் ஒருவர் மூன்று மகன்களுக்கும் கம்யூனிசம், லெனினிசம், சோசலிசம் என்றே வைத்தார். 2021-இல் சோசலிசத்துக்குக் கல்யாணம் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள்கூட எழுதின. நான் சமரசமாக, எங்கள் ஊர் நாடகாசிரியர் ஜலகண்டபுரம் ப. கண்ணன்போல ஊர்ப் பெயரை முன்னால் சேர்த்துவிடலாமே என்றேன். 'யலகண்டபுரம்' என்று மனைவி ஞாபகப்படுத்தினாள்.

தவணை முடிய ஐந்து நாள் இருக்கும்போது பதிவு அலுவலகத்துக்குப் போனேன். அந்த அம்மாள் படிவத்தைத் திருப்பி முதலில் குடும்பப்பெயர்க் கட்டத்தைக் காட்டினார். தமிழன் தடுமாறுகிற கட்டம் அது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டத்தைப் பெயரில் இருந்து எடுத்துவிடச் சொன்னது. தமிழ்நாடு அதைப் பெரும்பாலும் கேட்டது. எடுத்த இடம் காலியாகவே இருந்தது, தலையெழுத்து ஒன்றே போதுமென்று இருந்தோம். பாஸ்போர்ட் எடுக்கப் போனபோது காலியாக விடாதே என்றார்கள். அந்த இடத்தில் நான் அப்பாவைக் குடிவைத்தேன். ஆகவே இங்கே தபால்காரருக்கும் பல் டாக்டருக்கும் நான் ஹெர் அர்த்தநாரி.

"பையனுக்கும் அதேதானே?" என்றார் அந்த அம்மாள். எங்கள் முறையில் பிள்ளைக்குப் பின்னால் வர வேண்டியது என் பெயர், என் அப்பா பெயர் அல்ல என்று விளக்கினேன். அவர் வியக்கவில்லை. வடகடலோரத்து ஃப்ரீசியர்களும் தலைமுறைக்குத் தலைமுறை தகப்பன் பெயரைத்தான் பின்னால் போட்டுக்கொண்டார்களாம். 1811-இல் நெப்போலியன் ஆட்சி அதை நிறுத்தி, நிலையான குடும்பப்பெயர் வைத்துக்கொள்ளச் சொன்னது. 2025 மே 1 முதல் அமலான புதிய பெயர்ச் சட்டம் ஃப்ரீசியருக்கு அந்தப் பழைய வழக்கத்தைத் திருப்பித் தந்திருக்கிறது. "உங்களுக்கும் வழி உண்டு. உங்கள் நாட்டுச் சட்டப்படி வைத்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுங்கள். எது வேண்டும்?" என்றார்.

என் பெயரா, அப்பா பெயரா? யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். ட்ராமில் வரும்போது புரிந்தது. அம்மா கேட்டதை நாங்கள் முதல் கட்டத்தில் தேடிக்கொண்டிருந்தோம். அது இரண்டாம் கட்டத்தில் ஏற்கெனவே எழுதியிருந்தது. என் பெயரை விட்டுக்கொடுத்தால் போதும்.

மிச்சமிருந்தது முதல் கட்டம். மனைவியின் ஊர் சேந்தமங்கலம், கொல்லிமலை அடிவாரம். "உங்க பக்கத்து மலை பின்னால வந்துட்டா, எங்க பக்கத்து மலை முன்னால வரட்டும்" என்றாள். ஓரி. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஊடுருவியதாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியவன், கடையெழு வள்ளல்களில் ஒருவன். ஆடிப்பெருக்குச் சமயத்தில் மலைமேல் இன்றும் அவனுக்கு விழா எடுக்கிறார்கள். இரண்டே எழுத்து. ழகரம் இல்லை, ஜகரம் இல்லை, இவர்கள் எப்படி வாசித்தாலும் ஓரிதான்.

அம்மாதான் தயங்கினார். "ஓரியா? ஓரியாட்டம் புடிக்கிறவனா ஆயிருவானே கண்ணு." எங்கள் பக்கம் ஓரியாட்டம் என்றால் விடாமல் வம்பாடுவது. அண்ணன் தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினார்: "ஒரு மாசமா நாம ஆடுனதுக்குப் பேரு என்னம்மா?" ஓரி அர்த்தநாரி என்று இருபத்தாறாம் நாள் பதிந்தோம். அம்மா மட்டும் இன்றுவரை சாமி என்றுதான் கூப்பிடுகிறார்.

போன வாரம் ஐந்தாம் வாரப் பரிசோதனைக்குக் குழந்தை டாக்டரிடம் போனோம். அம்மா மடியில் பிள்ளை. காத்திருப்பு அறையில் நல்ல கூட்டம். உள்ளிருந்து வந்த பெண் காகிதத்தைப் பார்த்துக் கணீரென்று கூப்பிட்டாள்: "ஓரி ஆர்ட்டநாரி!"

அம்மா சட்டென்று முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டார். அப்பா போய் ஏழு வருடம். நான் எழுந்தேன். அம்மா என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"இரு கண்ணு. இன்னொருக்கா கூப்புடட்டும்."